ஜாக்பாட் ஏறினால் ராஜா ஜோடியை உடைக்கலாமா?

எனக்குத் தெரிந்த தமிழ் நண்பர்களில் பலர் லாஸ் வேகஸ் போனால் ஸ்லாட் மெஷின் பக்கம் திரும்ப மாட்டார்கள். "அது சும்மா அதிர்ஷ்டம் சார், நமக்கு எதுக்கு" என்பார்கள். ஆனால் வீடியோ போக்கர் என்றால் உட்கார்ந்துவிடுவார்கள். சின்ன வயசிலிருந்தே ரம்மி ஆடிப் பழகிய கை. எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று இதில் யோசிக்க இடம் இருக்கிறது. யோசிக்க இடம் இருந்தால் ஜெயிக்கவும் இடம் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் பர்ஸைக் காலி செய்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது மெஷினுக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஏறிக்கொண்டே போகும் ஜாக்பாட் தொகை. அதைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் நிறைய. அதை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் குறைவு.

ஆட்டம் எளிது. 52 சீட்டில் 5 விழும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை ஒரே ஒரு முறை மாற்றலாம். எதிராளி கிடையாது. ஜாக்கி ஜோடியோ அதற்கு மேலோ வந்தால் பணம். ஒரே ஜாதியில் 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் சேர்ந்தால் ராயல் ஃப்ளஷ், அதற்குத்தான் ஜாக்பாட். நெவாடா மாநில விதிப்படி, திரையில் வரும் சீட்டுக்கும் நிஜச் சீட்டுக்கட்டுக்கு உள்ள அதே வாய்ப்பு இருக்க வேண்டும். அதனால் இங்கே கணக்கு போடுவது சாத்தியம்.

முதலில் பார்க்க வேண்டியது மேலே அல்ல

மெஷின் முகப்பில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஃபுல் ஹவுஸ், ஃப்ளஷ் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். ஒரு காயினுக்கு 9, 6 என்று இருந்தால் நல்ல மெஷின். தவறே செய்யாமல், ஐந்து காயின் போட்டு ஆடினால் நீண்ட காலத்தில் 100 டாலருக்கு 99.54 திரும்பும். 8, 5 என்றால் 97.30. 6, 5 என்றால் 95 தான். வெளியே பார்க்க மூன்று மெஷினும் ஒன்று போலத்தான் இருக்கும்.

25 சென்ட் மெஷினில் ஒரு ஆட்டத்துக்கு ஐந்து காயின், அதாவது 1.25 டாலர். மணிக்கு 600 ஆட்டம் ஆடினால் 750 டாலர் சுழலும். நல்ல மெஷினில் அதற்குச் சராசரி நஷ்டம் மூன்றரை டாலர். 6, 5 மெஷினில் முப்பத்தேழரை டாலர். திறமை அதே, உட்கார்ந்த நாற்காலிதான் வேறு.

ஏன் ஐந்து காயின்? ஒரு காயின் போட்டால் ராயல் ஃப்ளஷுக்கு 250. ஐந்து போட்டால் 1,250 தானே வரணும்? வருவது 4,000. காயினுக்கு 800. ஒற்றைக் காயின் போட்டு ஆடுகிறவருக்கு மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் மேலே இங்கேயே போய்விடுகிறது. "கம்மியா போட்டு ஆடுறேன், சேஃப்" என்பவர்கள் காயின் எண்ணிக்கையைக் குறைக்காமல், குறைந்த மதிப்புள்ள மெஷினுக்கு மாறுவதுதான் சரி.

ராஜா ஜோடியும் 852-ம்

இனி விஷயத்துக்கு வருவோம். பல மெஷின்களில் ஜாக்பாட் நிலையாக நிற்காது. போடும் ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு சிறு பங்கு அதில் சேரும். 25 சென்ட் மெஷினில் 1,000 டாலரில் தொடங்கி, யாராவது அடிக்கும்வரை ஏறும்.

திருச்சியிலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த, நண்பரின் மாமனார் ஒருவர் இப்படி ஒரு 9, 6 மெஷின் முன்னால் என்னிடம் கேட்டார்: "தம்பி, கையில ராஜா ஜோடி இருக்கு. கூடவே ஆட்டின் ராணி, ஜாக்கியும் வந்திருக்கு. ஜோடியை உடைக்கிறதா, வேண்டாமா?"

அருமையான கேள்வி. கையில் இருப்பவை ஆட்டின் ராஜா, ராணி, ஜாக்கி, இஸ்பேட் ராஜா, கிளாவர் 4. மூன்று ஆட்டினை வைத்துக்கொண்டு இரண்டு சீட்டு மாற்றினால், மீதமுள்ள 47 சீட்டிலிருந்து அந்த இரண்டும் 1,081 விதமாக வரலாம். அதில் ஒரே ஒரு விதம்தான் ராயல் ஃப்ளஷ். மற்ற 1,080 விதத்திலும் கிடைக்கும் ஃப்ளஷ், ஸ்ட்ரைட், ஜோடி எல்லாவற்றையும், காயினுக்கு இவ்வளவு என்று கூட்டினால் 809 காயின். ஜோடியை வைத்து ஆடினாலோ, அதே 1,081 முறைக்குச் சராசரியாக 1,661 காயின் திரும்பும். வித்தியாசம் 852.

ஆக, ராயல் ஃப்ளஷுக்குக் காயினுக்கு 852-க்கு மேல் கிடைத்தால் ஜோடியை உடைக்கலாம். குறைந்தால் கூடாது. ஐந்து காயினுக்கு 4,260; டாலரில் 1,065. மேலே 1,000 என்று இருந்தால் ஜோடி. 1,100 என்று இருந்தால் ஆட்டின். அதே கை, அதே சீட்டு. மாறியது மேலே உள்ள எண் மட்டும்.

இதே கை ஏஸ் ஜோடியும், ஆட்டின் ஏஸ், ராஜா, ராணியும் என்று வந்திருந்தால்? ஏஸுக்கு மேலே சீட்டு இல்லாததால் ஸ்ட்ரைட் வாய்ப்பு பாதியாகக் குறைகிறது. 809 என்பது 705 ஆகிறது. அப்போது ஜாக்பாட் 1,195 டாலரைத் தாண்டினால்தான் உடைக்கலாம். "பெரிய சீட்டா இருக்கே" என்று உடைப்பவர் கணக்கில் தோற்கிறார்.

இன்னொரு கணக்கும் உண்டு. அவர் டூரிஸ்ட் விசாவில் வந்தவர். அமெரிக்காவில் வசிக்காதவர் ஸ்லாட், வீடியோ போக்கரில் ஜெயித்தால் சட்டப்படி 30 சதவீத வரி. மேலே 1,500 என்று எரிந்தாலும் அவர் கைக்கு வருவது 1,050. அது 1,065-ஐ விடக் குறைவு! பக்கத்து நாற்காலியில் உள்ளூர்க்காரர் உடைக்கலாம் என்ற ஜோடியை இவர் உடைக்கக் கூடாது. ஜாக்பாட் என்பது திரையில் தெரிவது அல்ல, உங்கள் கைக்கு வருவது.

எப்போது ஆட்டமே லாபம்?

9, 6 மெஷினில் ஜாக்பாட் ஏறத்தாழ 1,220 டாலரைத் தொட்டால் கணக்குப்படி காசினோவின் பங்கு பூஜ்யம் ஆகிறது. அதற்கு மேலே ஆடுகிறவர் பக்கம். 8, 5 மெஷினில் இதே நிலைக்கு 2,000 டாலருக்கும் மேலே போக வேண்டும். அதனால் 8, 5 மெஷினில் 1,400 என்று பார்த்து ஓடுவதில் அர்த்தமே இல்லை. பட்டியலில் எடுத்துக்கொண்டதை ஜாக்பாட்டில் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் "கணக்குப்படி" என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். ராயல் ஃப்ளஷ் சுமார் 40,000 ஆட்டத்துக்கு ஒருமுறை வருவது. மணிக்கு 600 என்றால் 67 மணி நேரம். அது வராத நேரமெல்லாம் போட்டதில் இரண்டரை சதவீதம் அளவுக்குக் கரைந்துகொண்டே இருக்கும். 40,000 ஆட்டம் முடிந்தும் ராயல் ஃப்ளஷைப் பார்க்காதவர்கள் நூற்றுக்கு 37 பேர். நடுவில் பக்கத்து மெஷின்காரர் அடித்துவிட்டால் எண் மறுபடி 1,000. நீங்கள் செலவழித்த இரவுகளுக்கு யாரும் பொறுப்பில்லை.

ஜாக்பாட்டைத் துரத்தி ஜோடிகளை உடைக்க உடைக்க, சின்னச் சின்ன வெற்றிகள் குறைந்து ஏற்ற இறக்கம் அதிகமாகும். கணக்கு சரியாக இருந்தாலும் கையிருப்பு முதலில் தீர்ந்துவிடும். இதை ஒரு வேலையாகச் செய்பவர்கள் ஆயிரக்கணக்கில் டாலர் ஒதுக்கி, மாதக்கணக்கில் உட்காருகிறார்கள். மூன்று நாள் டூர் வந்தவர் அந்த வரிசையில் இல்லை.

திறமை என்ற வார்த்தை

தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மி, போக்கர் பற்றி வருடக்கணக்கில் நடந்த வாதம் நினைவிருக்கும். 2022-ல் மாநில அரசு சட்டம் கொண்டு வந்தது. இவை திறமை விளையாட்டுகள் என்று சொல்லி, அந்த இரண்டுக்குமான தடையை 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2025-ல் மத்திய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டே கூடாது என்று சட்டம் போட்டது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வீடியோ போக்கரைப் பார்த்தபின் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. திறமை இருப்பதும் லாபம் இருப்பதும் வேறு வேறு. இந்த மெஷினில் திறமை நிஜமாகவே வேலை செய்கிறது; 852-க்கும் 956-க்கும் வித்தியாசம் தெரிந்தவர் தெரியாதவரைவிட நிச்சயம் குறைவாக இழப்பார். ஆனால் பெரும்பாலான நாள்களில் அவரும் இழப்பார்தான். "திறமை ஆட்டம்" என்று விளம்பரம் செய்பவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

ஊரிலிருந்து யாராவது வந்து வேகஸ் கூட்டிப் போகச் சொன்னால் அவர்களுக்குச் சொல்லுங்கள். முதலில் 9, 6 இருக்கிறதா பாருங்கள். பிறகு வரி போக ஜாக்பாட் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டும் சரியாக வந்தாலும், போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய காசு மட்டும் மெஷினுக்குள் போகட்டும். கடன் அட்டையும், மகள் செலவுக்குக் கொடுத்த பணமும் அந்தக் கணக்கில் வராது.