பைலோட பேரை நம்பாதீங்க

சேவூரில் பட்டுச்சேலை டிசைன் என்பது ஒரு காலத்தில் கையில் தொட்டுப் பார்க்கிற பொருள். கிராப் தாளில் கட்டம் கட்டமா வரைந்து, அட்டையில் ஓட்டை போட்டு, ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவாங்க. இப்போ அதே டிசைன் வாட்ஸ்அப்பில் பைலா வருது. உள்ளே என்ன இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பேரின் கடைசியில் இருக்கும் '.பிஎம்பி' வெறும் லேபிள்தான். யார் வேணா மாத்தலாம். 2000 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் இதை வெச்சுத்தான் ஏமாத்துச்சு. விண்டோஸ் கடைசி லேபிளை மறைச்சதால, ஸ்கிரிப்ட் பைல் சாதாரணக் கடிதமாத் தெரிஞ்சது.

அதனால டபுள் கிளிக் வேண்டாம். கம்ப்யூட்டரில் முதலில் நோட்பேடைத் திறந்து, அதுக்குள்ளே இருந்து ஓப்பன் கொடுங்க. நோட்பேட் பைலை எழுத்தாக் காட்டுமே தவிர ஓட்டாது. குப்பை மாதிரி தெரியும். முதல் இரண்டு ஆங்கில எழுத்தை மட்டும் பாருங்க.

'பிஎம்': பிஎம்பி படம்.

'எம்இசட்': விண்டோஸ் புரோகிராம். டிசைன்னு வந்த பைலில் இதுக்கு என்ன வேலை? அழிச்சிடுங்க.

'பிகே': ஜிப் மூட்டை. இப்போதைய வேர்டு, எக்செல் பைலும், போனில் ஏறும் ஏபிகேயும் இதே மூட்டைதான். அனுப்பினவருக்குப் போன் பண்ணிக் கேட்காம பிரிக்காதீங்க.

பார்த்ததும் சேவ் பண்ணாம மூடுங்க. பண்ணினா பைல் கெட்டுடும்.

இன்னொன்று. வைரஸ்டோட்டல் தளத்தில் ஏத்திச் சோதிக்கலாம். ஆனா ஏத்தின பைல் பாதுகாப்பு நிறுவனங்களோடும் பகிரப்படும். இன்னும் தறி ஏறாத புது பார்டரை அங்கே ஏத்தாதீங்க.