வெள்ளையனுக்குப் பாடம்

"நாய்க்குட்டி வளர்ப்பதும் குழந்தை வளர்ப்பதும் ஒன்றுதான்" என்று யாராவது சொன்னால், அவர் இரண்டில் ஏதோ ஒன்றை வளர்த்ததில்லை என்று தீர்மானித்துவிடலாம். குழந்தைக்குப் பால் பற்கள் 20, நாய்க்குட்டிக்கு 28. அந்த எட்டுப் பல் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை எங்கள் வீட்டு நாற்காலிக் கால்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

வெள்ளையன் எங்கள் வீட்டுக்கு வந்தது ஓர் ஆடி மாதத்தில். ராஜபாளையத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்காரர், "வீட்டுக்கு ஒரு காவல் வேண்டாமா?" என்று, ஐம்பது நாள் குட்டி ஒன்றைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். சென்னையில் இரண்டாவது மாடிக் குடித்தனத்துக்குக் காவல் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் மாப்பிள்ளை கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

பால் வெள்ளை உடம்பு. ரோஜா நிற மூக்கு. இவருக்கு ஒரே பெருமை. "சாதாரண நாய் என்று நினைக்காதே. 2005ஆம் வருஷம் தபால் இலாகா நம் நாட்டு நாய்களுக்கு நான்கு தபால் தலை வெளியிட்டதே, அதில் ஒன்று ராஜபாளையம்!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். தபால் தலைக்கு உரியவர் அப்போது என் புதுச் செருப்பின் வாரைத் தின்றுகொண்டிருந்தார்.

பெயர் வைப்பதற்கு மூன்று நாள் மகாநாடு நடந்தது. பையன் 'டைகர்' என்றான். பெண் 'ஸ்னோயி' என்றாள். இவர் 'ராஜா' என்றார். "அது உங்க தாத்தா பேரு. நாயைத் திட்டும்போது அவரைத் திட்டின மாதிரி ஆகும்" என்று மாமியார் மறுத்துவிட்டார். கடைசியில் அவரே 'வெள்ளையன்' என்று வைத்தார். அந்தப் பெயருக்குள்ளேயே ஒரு சமாச்சாரம் ஒளிந்திருந்தது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

முதல் பாடம், நனைக்கக்கூடாத இடத்தை நனைக்காமல் இருப்பது. இதில் குட்டியைவிட நமக்குத்தான் பயிற்சி வேண்டும். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குமேல் அடக்கிக்கொள்ள முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சரியான இடத்தில் காரியம் முடிந்த அந்தக் கணமே தட்டிக்கொடுத்து ஒரு சிறு தீனி தர வேண்டும். ஐந்து நிமிஷம் கழித்துக் கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்றே அதற்குத் தெரியாது. அதுபோலவே, என்றைக்கோ நனைத்த இடத்தில் மூக்கைத் தேய்த்து அடிப்பதிலும் பிரயோஜனம் இல்லை. நம்மைக் கண்டு பயப்படத்தான் கற்றுக்கொள்ளும். மாடிப்படியில் நான் ஏறி இறங்கியதில் நாய் தேறியதோ இல்லையோ, நான் இரண்டு கிலோ இளைத்தேன்.

அடுத்தது கடி. நாலாவது மாதம் தொடங்கிப் பால் பற்கள் விழுந்து, ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் முளைத்துவிடுகின்றன. அதுவரை ஈறு குறுகுறுக்கும். எதையாவது கடிக்காமல் இருக்க முடியாது. நனைத்துப் பிழிந்த பழைய துண்டைக் குளிர்பெட்டியில் வைத்துக் கடிக்கக் கொடுத்தால் ஈறுக்கு இதமாக இருக்கும். நம் கையைக் கடித்தால் விளையாட்டை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து போய்விட வேண்டும். 'கடித்தால் விளையாட்டு இல்லை' என்பது நாலு நாளில் புரிந்துவிடும்.

மூன்றாவது, அலங்காரம். ராஜபாளையத்துக்கு ரோமம் குட்டை. தினம் ஒருமுறை ரப்பர் பிரஷால் தேய்த்துவிட்டால் போதும். மூன்று நாலு வாரத்துக்கு ஒரு குளியல், வெதுவெதுப்பான தண்ணீரில். நாம் போடும் சோப்பும் ஷாம்பூவும் அதன் தோலுக்கு ஆகாது. நாய்க்கென்று விற்பதையே வாங்குங்கள். காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டு, பிறகு நன்றாகத் துவட்ட வேண்டும். காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் தினம் உண்ணி தேட வேண்டும். உண்ணியின் மேல் மண்ணெண்ணெய் தடவாதீர்கள். சிமிட்டாவால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துவிடுங்கள். நகத்தில் நுனியை மட்டும் வெட்ட வேண்டும். உள்ளே ரத்தக் குழாய் இருக்கிறது. வெளுத்த நகமானால் அது இளஞ்சிவப்பாக வெளியே தெரியும்.

வெள்ளையனின் முதல் குளியலில் குளித்தவர்கள் ஐந்து பேர். வெள்ளையன் மட்டும் பாதியில் தப்பி, சோப்பு நுரையோடு மாமியாரின் மெத்தையில் போய்ப் புரண்டான்.

பாயசத்தில் போடும் திராட்சை, வெங்காயம், சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். மாமியார் பாயசக் கிண்ணத்தை அதன் பக்கம் நீட்டும்போதெல்லாம் நான் குறுக்கே பாய வேண்டியிருந்தது.

இவ்வளவும் ஒரு வழியாக நடந்தது. நடக்காதது ஒன்றே ஒன்று, சொல் பேச்சுக் கேட்பது.

பாடம் நடத்தும் பொறுப்பை இவர் ஏற்றுக்கொண்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ராணுவ அதிகாரி மாதிரி நின்று, "வெள்ளையா, உட்கார்!" என்பார். வெள்ளையன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வாலை ஆட்டுவான். உட்காரமாட்டான். நான் பிஸ்கட்டை அதன் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தால் உடனே உட்காருவான். "நீ செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய்" என்று எனக்குத்தான் திட்டு. முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கமாட்டான். எதிரே போனால் ஓடி வந்து மேலே விழுவான். "இது மந்தம் இல்லை; திமிர்" என்று இவர் தீர்ப்புச் சொன்னார். பத்திரிகையைச் சுருட்டி இரண்டு மூன்று முறை அடியும் விழுந்தது. நானும் ஒருமுறை அடித்தேன். அதை இங்கே மறைப்பதற்கில்லை.

தீபாவளி வந்தது. எதிர் வீட்டு நாய் வெடிச் சத்தத்துக்குப் பயந்து மூன்று நாளாகக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. எங்கள் வெள்ளையன் கூடத்து நடுவில் மல்லாந்து தூங்கினான். "பார்த்தாயா? அதுதான் ராஜபாளையத்து ரத்தம்! பயம் என்றால் என்னவென்றே தெரியாது!" என்று இவர் மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம் அந்த விபரீதம் நடந்தது. தூங்கிக்கொண்டிருந்த வெள்ளையனைப் பையன் பின்னாலிருந்து சட்டென்று தூக்கினான். அது திடுக்கிட்டு விழித்து, அவன் மணிக்கட்டில் ஒரு கடி கடித்துவிட்டது. ரத்தம்.

வெள்ளையனுக்கு மூன்றாவது மாதமே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருந்தோம். இருந்தாலும் காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, உடனே டாக்டரிடம் அழைத்துப் போனோம். வீட்டு நாய்தானே என்று யாரும் அலட்சியமாக இருக்கக்கூடாது. அந்த நோய் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. வராமல் தடுப்பது ஒன்றுதான் வழி.

அன்று ராத்திரி இவர் நாத்தனாருக்குப் போன் செய்தார். "சொல் பேச்சுக் கேட்காத நாயை வைத்துக்கொள்ளலாம். கடிக்கிற நாயைக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விட்டுவிடுகிறேன்" என்றார். பையன் கட்டுப் போட்ட கையோடு அழுதான். நான் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாறு வருஷமாக அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. வாங்கிக் கொடுத்த கருவியை, "ஒரே இரைச்சல்" என்று பெட்டியில் வைத்துவிட்டார். சமையலறையிலிருந்து நான் ஒன்று கேட்பேன். அவர் வேறொன்று சொல்வார். மறுபடி கேட்பேன். மூன்றாவது தடவை என் குரல் எப்படி இருக்கும் என்று வாசகிகளுக்கு விவரிக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை மத்தியானம். வெள்ளையன் தூங்கிக்கொண்டிருந்தான். மாமியார் பித்தளைத் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு, அதன் பின்பக்கமாக மெள்ளப் போய் நின்றார். தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்து, ஓங்கி ஒரு அடி அடித்தார்! நான் அடுக்களையிலிருந்து ஓடி வந்தேன். இவர் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

வெள்ளையனின் காது நுனிகூட அசையவில்லை.

மாமியார் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, அதன் மூக்குக்கு அருகே கையை நீட்டினார். மூக்கு சுருங்கி விரிந்தது. கண் திறந்தது. வால் ஆடியது.

"திமிரும் இல்லை, ஒண்ணும் இல்லை. இதுக்கும் என்னை மாதிரிதான்" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "முதுகுக்குப் பின்னால நின்னு கத்தினா எனக்குந்தான் கேட்கலை. என்னையும் ராஜபாளையத்துக்கு அனுப்பிடுவியா?" என்று கேட்டார்.

இவர் பதில் சொல்லவில்லை. நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்று மாலையே கால்நடை டாக்டரம்மாவிடம் போனோம். அவர் குட்டியின் கண்ணுக்குப் படாமல் பின்னால் நின்று சாவிக் கொத்தை ஆட்டினார், கை தட்டினார், விசில் அடித்தார். "காது கேட்பதாகத் தெரியவில்லை" என்றார். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து பார்க்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறதாம். ஒரு காதா, இரண்டு காதுமா என்பதை அதுதான் நிச்சயமாகச் சொல்லுமாம்.

காரணத்தையும் விளக்கினார். ரோமத்துக்கு நிறம் தரும் அதே வகை உயிரணுக்கள் உட்காதிலும் இருக்கின்றன. அங்கே அவை இல்லாமற்போனால், பிறந்த சில வாரங்களுக்குள் காதின் நுண்ணிய பாகம் நசித்துவிடுகிறது. அதனால்தான் உடம்பெல்லாம் வெள்ளையான நாய்களில் இந்தக் குறை அதிகம். புள்ளி போட்ட டால்மேஷியனிலும் உண்டு. நம் ராஜபாளையத்திலும் உண்டு. கூடப் பிறந்த குட்டிகளோடு இருக்கும்போது, மற்றவை ஓடினால் இதுவும் ஓடும். அதனால் யாருக்கும் தெரியாது. ஆகையால் வெள்ளைக் குட்டி வாங்குகிறவர்கள் அதைத் தனியே பிரித்து, பின்னால் நின்று கை தட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. இப்படிப்பட்ட நாயைக் கொண்டு குட்டி போட வைக்கவும் கூடாது.

"அப்படியானால் இதைப் பழக்கவே முடியாதா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா சிரித்தார். "உங்களிடம் ஏற்கெனவே பழகிவிட்டதே! நீங்கள் பிஸ்கட்டைத் தூக்கினால் உட்காருகிறது என்றீர்களே, அது உங்கள் கையைப் படித்துக்கொண்டிருக்கிறது."

மறுநாள் புது அரிச்சுவடி ஆரம்பமாயிற்று. கட்டை விரலை உயர்த்தினால் 'சபாஷ்'. விரலைக் காட்டிய உடனே ஒரு துண்டு பிஸ்கட். இப்படி ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை. இரண்டு நாளில் விரலைக் கண்டதுமே வால் ஆடத் தொடங்கியது. உள்ளங்கையை மேலே தூக்கினால் 'உட்கார்'. விரித்த கையை எதிரே காட்டினால் 'நில்'. கையை மார்புப் பக்கம் இழுத்தால் 'வா'. பாடம் ஐந்து நிமிஷத்துக்குமேல் இல்லை. வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி சைகை காட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு விதமாகக் காட்டினால் மாணவன் என்ன செய்வான்?

தூங்கும்போது தொட்டு எழுப்புவதில்லை. மூக்குக்கு நேரே கையை நீட்டி, வாசனை பிடித்து அதுவாகவே விழிக்கும்படி விடுகிறோம். வாகனச் சத்தம் கேட்காது என்பதால், கயிறு இல்லாமல் தெருவில் ஒரு அடிகூட எடுத்து வைக்க விடுவதில்லை. கழுத்துப் பட்டையில் 'எனக்குக் காது கேட்காது' என்று பெண் எழுதி மாட்டியிருக்கிறாள்.

ஆறு வாரத்தில் வெள்ளையன் ஐந்து சைகைகள் கற்றுக்கொண்டான். அதற்குப் பிறகு யாரையும் கடிக்கவில்லை. செருப்புத் தின்பதை மட்டும் இன்னும் விடவில்லை. அதற்குக் காது காரணம் அல்ல.

காவலா? வாசல் மணி அடித்தால் வெள்ளையன் தூங்குகிறான். மாமியாரும் தூங்குகிறார். கதவைத் திறப்பது வழக்கம்போல நான்தான்.

ஆனால் வீட்டில் ஒரு மாறுதல். இப்போதெல்லாம் யாரும் யாரையும் அறைக்கு அறை கூவிக் கூப்பிடுவதில்லை. எதிரே போய், முகத்தைப் பார்த்துப் பேசுகிறோம். வெள்ளையனுக்காக ஆரம்பித்த பழக்கம். மூன்றாவது தடவை கேட்க வேண்டிய அவசியமே இப்போது வருவதில்லை.

நேற்றுக் காலை மாமியாருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்த்தார். கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

பதினெட்டு வருஷத்தில் இதுதான் முதல் 'சபாஷ்'. பிஸ்கட் மட்டும்தான் பாக்கி!