த்ரீ நாட் த்ரீயின் அங்க அடையாளங்கள்

தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. பளபளப்பாக்குகிறேன் என்று யாராவது அவற்றைத் தேய்த்தால் எழுத்து போய்விடும். செத்த வீரன் யார், எந்த அரசன் காலம் என்பதும் கூடவே போய்விடும். பழைய ராணுவத் துப்பாக்கியைச் சீர்செய்பவர் முதலில் பயப்பட வேண்டியதும் இதற்குத்தான்.

நம் காவல் நிலையங்களில் நெடுங்காலம் இருந்த 'த்ரீ நாட் த்ரீ' துப்பாக்கியின் இயற்பெயர் லீ-என்ஃபீல்டு. பிரிட்டிஷ் ராணுவம் 1907-ல் ஏற்ற மார்க் 3 வகையை வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையும் தயாரித்தது. எடை ஏறக்குறைய 4 கிலோ. மேகசினில் 10 தோட்டா. போல்ட் கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டை வந்து பொருந்தும் இரும்புப் பட்டையில்தான் அதன் ஜாதகம் இருக்கிறது: கிரீடம், மன்னர் ஜார்ஜைக் குறிக்கும் ஜி.ஆர்.ஐ., இஷாப்பூர், ஆண்டு. குடியரசான பின் கிரீடத்தின் இடத்துக்கு அசோகச் சிங்கங்கள் வந்தன.

அடுத்து வரிசை எண். உடல், குழல், போல்ட் கைப்பிடியின் பின்புறம், முனைமூடி, முன்கட்டையின் அடிப்பக்கம் என எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தால் பாகங்கள் பிரியாமல் வந்திருக்கின்றன என்று கொள்ளலாம். போல்ட் எண் மட்டும் மாறியிருந்தால் மதிப்பு குறைவதோடு போகாது. போல்ட் முகத்துக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாகப் பொருத்தியிருப்பார்கள். அது கூடிவிட்டால் சுடும்போது தோட்டா உறை கிழியலாம்.

முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி தெரிந்தால் கழற்றி எறியாதீர்கள். மரம் பிளக்காமலிருக்க இந்தியப் பட்டறைகள் போட்ட திருகாணி அது. என்னைக் கேட்டால், பணிக்காலத்தில் நடந்த பழுதுபார்ப்பும் அசல்தான்.

பெரிய ஏமாற்றம் 410 மஸ்கட்டில் இருக்கிறது. வெளித்தோற்றம் அச்சு அசல் த்ரீ நாட் த்ரீ. குழலுக்குள் எட்டிப் பார்த்தால் சுழல்வரிகளே இருக்காது. ராணுவத் தோட்டா பயன்படாதபடி காவல்துறைக்கென்று மாற்றிய ரகம் இது. மேகசினை மரத்துண்டால் அடைத்து, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுட வைத்தார்கள்.

குழல் அரிப்புக்குக் காரணம் பழைய தோட்டாக்களின் பற்றுமருந்து. அது விட்டுப்போகும் உப்பு ஈரத்தை இழுக்கும், எண்ணெயில் கரையாது. அதனால்தான் சிப்பாய்கள் முதலில் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள், பிறகே எண்ணெய் போட்டார்கள். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயைக் கையால் மெல்லத் தேய்த்தால் போதும். உப்புத்தாள் பட்டால் முத்திரைகள் அழிந்துவிடும்.

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி த்ரீ நாட் த்ரீ பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். உதிரிபாகங்களையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. ஆகவே இந்த வேலை ஆயுதக் கிடங்குகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் உரியது. பழைய ஆயுதங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள், எழும்பூரின் பழைய ஆணையர் அலுவலகத்தில் 2021-ல் திறக்கப்பட்ட காவல் அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.