பனிப்படமா, புகைப்படமா?

பனி மூடிய நிலக்காட்சியைப் படமெடுக்க ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகவேண்டும் என்று நினைக்கிறீர்களா? தாம்பரம், பல்லாவரம் பகுதி மாணவர்களுக்கு அந்தச் செலவே வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் விடியுமுன் பரங்கிமலைமேல் ஏறி நின்றால் போதும். அதன் உயரம் ஏறத்தாழ 300 அடிதான். ஆனாலும் சில நாட்களில் கீழேயுள்ள வீடுகளும் மரங்களும் வெண்மையில் மூழ்கியிருக்க, குன்றுகளின் தலைகள் மட்டும் தீவுகளைப்போல் தெரியும்.

பனி எப்படி உண்டாகிறது?

‘பனி பெய்கிறது’ என்கிறோம். ஆனால் மழையைப்போல் அது மேலிருந்து விழுவதில்லை. மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வெளியே வீசிக் குளிர்கிறது. தரையை ஒட்டியுள்ள காற்றும் குளிர்கிறது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராமைத்தான் தாங்கும். தாங்க முடியாத மிச்சம் நுண்துளிகளாகிறது. இப்பகுதியின் ஏரிகளும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் காற்றுக்கு ஈரத்தைத் தருகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கனமீட்டர் மூடுபனியில் 0.1 கிராம் நீர் இருப்பதாகவும், ஒவ்வொரு துளியின் குறுக்களவு 10 மைக்ரான் என்றும் கொள்வோம். துளிகள் எத்தனை? ஏறத்தாழ 19 கோடி! அதே நீர் ஒரே துளியாக இருந்தால் 6 மில்லிமீட்டருக்கும் குறைவான ஓர் உருண்டைதான். அது எதையும் மறைக்காது. கோடிக்கணக்கில் சிதறியிருப்பதால்தான் ஒரு மலையையே மறைத்துவிடுகிறது.

படமெடுக்கும் முறை

ஜனவரியின் நடுவில் சென்னையில் சூரியன் காலை சுமார் 6.35 மணிக்கு உதிக்கிறது. அரைமணி முன்பே இடம் பிடித்துக்கொள்ளுங்கள். சூரியன் நேர் கிழக்கில் உதிக்காது. டிசம்பர் இறுதியில் அது கிழக்கிலிருந்து 24 பாகை தெற்கே தள்ளி, தரமணி இருக்கும் பக்கமாக எழும்.

கேமராவின் ஒளிமானி எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே வெண்பனியைப் படமெடுத்தால் அழுக்குச் சாம்பலாக வரும். ஒளியின் அளவை ஒரு படி கூட்டுங்கள். அதாவது இரு மடங்கு ஒளியை உள்ளே விடுங்கள். செல்பேசியிலும் இதைச் செய்யலாம். வெளிச்சம் குறைவாக இருப்பதால் கை நடுங்கினால் படம் கலங்கும். முக்காலியிலோ சுவரின்மேலோ கேமராவை வையுங்கள்.

ஏ.சி. அறையிலிருந்து கேமராவை எடுத்தவுடன் வெளியே கொண்டுபோனால் லென்ஸின்மேல் நீர் படியும். பனி உண்டான அதே காரணம்தான்! பிளாஸ்டிக் பையில் மூடி, வெளி வெப்பநிலைக்கு வந்தபின் திறக்கவும்.

கேமராவின் பார்வைத் துளை வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள். பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். மலைமேல் தேவாலயம் இருப்பதால் அங்குள்ளவர்களிடம் அனுமதி கேளுங்கள். அருகிலுள்ள விமான நிலையம், படை வளாகம் ஆகியவற்றின் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

பனியா, புகையா?

இரவில் தரையருகே குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெப்பமான காற்றும் இருந்தால், கீழ்க்காற்று மேலெழ முடியாது. பானைக்கு மூடி போட்டதுபோல் ஆகிவிடும். அந்த மூடிக்குள் பனியோடு புகையும் அடைபடுகிறது. போகியன்று பழைய பொருள்களை எரிக்கும்போது நடப்பது இதுதான். 2018 ஜனவரி 13 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமானப் போக்குவரத்தே பாதிக்கப்பட்டது. டயரையும் பிளாஸ்டிக்கையும் எரித்த புகையை நாம் சுவாசிக்கவும் நேர்கிறது.

இரண்டையும் உங்கள் படத்தைக்கொண்டே ஓரளவு பிரித்தறியலாம். பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரேபோல் சிதறடிப்பதால் வெண்மையாகத் தெரியும். மெல்லிய புகையின் நுண்துகள்கள் நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கும். எனவே கரிய குன்றின் முன்னால் அது நீலமாகவும், சூரியன் பக்கம் பார்த்தால் பழுப்பாகவும் தோன்றும். வெயில் ஏறியதும் பனித்துளி ஆவியாகிவிடும், புகைத்துகள் ஆவியாகாது. அது கலைய, காற்றுதான் வரவேண்டும்.

உங்கள் படம் ஓர் அளவுகோல்

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலையருகே தொடங்கித் தெற்கே பெரும்பாக்கம் குன்றின் பக்கம்வரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவையே அளந்த மாபெரும் நில அளவைப் பணிக்கு அதுவே தொடக்கம். தொலைவு தெரிந்த குன்றுகள் இன்று உங்களுக்கும் பயன்படும். எத்தனை தொலைவுவரை பொருள்கள் தெரிகின்றன என்பதே ‘பார்வைத் தொலைவு’. அது 1 கிலோமீட்டருக்குக் குறைந்தால்தான் வானிலையாளர் அதை மூடுபனி என்பர்.

மலையிலிருந்து தெரியும் ஐந்து இடங்களின் தொலைவை வரைபடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். போகிக்கு முந்திய வாரமும் பிந்திய வாரமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒளியின் அளவை மாற்றாமல் படமெடுங்கள். எந்த நாளில் எந்தக் குன்று மறைந்தது? எத்தனை மணிக்கு மீண்டும் தெரிந்தது? குறிப்பேட்டில் எழுதி, படங்களுடன் வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த போகிக்கு டயரைக் கொளுத்த நினைப்பவருக்கு அந்தச் சுவரைக் காட்டலாம்.