சிவப்பைக் கைவிட்ட விமானங்கள்

1942 டிசம்பர் 20 இரவு கல்கத்தாமீது ஜப்பானியக் குண்டுகள் முதன்முதலாக விழுந்தன. 1943 டிசம்பர் 5 அன்று, பட்டப்பகலில், கார்டன் ரீச்சை ஒட்டிய கிதர்பூர் துறைமுகமே இலக்கானது. உயிரிழந்தவர்களில் துறைமுகத் தொழிலாளர்கள் பலர்.

இப்படித் தாக்குதல் வரும் நேரத்தில், வானில் தெரிவது யாருடைய விமானம்? முதலில் மூக்கைப் பார்க்க வேண்டும். நகரின் ரெட் ரோட்டையே ஓடுபாதையாக்கிப் பறந்த பிரிட்டிஷ் ஹரிக்கேனுக்குக் கூரிய மூக்கு. உள்ளே இருப்பது திரவத்தால் குளிரும் எஞ்சின். வயிற்றுக்கடியில் ரேடியேட்டர் புடைத்திருக்கும். நேச நாட்டினர் ‘ஆஸ்கர்’ என்றழைத்த ஜப்பானிய கி-43க்கு மூக்கு உருண்டை. காற்றால் குளிரும் எஞ்சின், ஒல்லியான உடல்.

அடுத்தது வண்ணம். இங்கேதான் ஆபத்து. ஜப்பானியச் சின்னம் முழுச் சிவப்பு வட்டம். பிரிட்டிஷ் வட்டத்தின் நடுவிலும் சிவப்பு. நொடிப்பொழுதில் சுட வேண்டியவர் கண்ணுக்கு அந்தச் சிவப்பு மட்டுமே பட்டால், சொந்த விமானமே வீழும். அமெரிக்கா 1942 மே மாதமே தன் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் பொட்டை அழித்தது. இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்கள் சிவப்பை நீக்கி, நீல நிறங்களுக்கு மாறின. பின்னர் இறக்கையிலும் வாலிலும் அகன்ற வெள்ளைப் பட்டைகள் சேர்ந்தன. தொலைவிலிருந்தே நண்பனைக் காட்டிய, உயிர்காத்த பட்டைகள் அவை.

ஜப்பானை எதிர்கொள்ளாத களத்தில் இந்தச் சிக்கல் இல்லை. சோவியத் விமானங்கள் சிவப்பு நட்சத்திரத்தைக் கைவிடவில்லை. 1943இல் அதற்கு வெள்ளை விளிம்பு தீட்டி எடுப்பாக்கினார்கள்.