திரையில் தெரியும் கப்பல்

நாம் உண்ணும் கோதுமை, வீடு கட்ட உதவும் சிமெண்டு, பயிருக்கு இடும் உரம் போன்ற பொருள்கள் பலவும் கடல்வழியே வந்து சேர்கின்றன. இவற்றைப் பெட்டிகளில் அடைக்காமல், சரக்கறைகளில் அப்படியே கொட்டி ஏற்றிச் செல்லும் கப்பலை உலர் மொத்தச் சரக்குக் கப்பல் என்பர். இவ்வகையில் சிறிய கப்பல்களுக்கு ஒரு சிறப்பு உண்டு. பெரிய கப்பல்கள் நுழைய முடியாத ஆழங்குறைந்த துறைமுகங்களுக்கும் அவை செல்லும்.

ஒரு கப்பலை அறிய அதன் அளவுகளை அறிய வேண்டும். சரக்கு, எரிபொருள், குடிநீர், மாலுமிகள் என அனைத்தையும் சேர்த்து அது பாதுகாப்பாகத் தாங்கும் எடையே சுமைதிறன் ஆகும். ஆகவே, 5,000 டன் சுமைதிறன் கொண்ட கப்பலில் 5,000 டன் சிமெண்டை ஏற்ற இயலாது. நீர்மட்டத்திலிருந்து கப்பலின் அடிப்பகுதி வரையுள்ள அளவு மிதவை ஆழம் எனப்படும். சரக்கு கூடக்கூட இதுவும் கூடும்.

கப்பல் கைமாறும்போது அதன் பெயரும் கொடியும் மாறலாம். ஆனால், அனைத்துலகக் கடல்சார் அமைப்பின் ஏற்பாட்டின்படி அதற்கு வழங்கப்பட்ட ஏழு இலக்க எண் ஒருபோதும் மாறாது.

இந்த எண்ணையும் பிற விவரங்களையும் 'ஏ.ஐ.எஸ்.' எனும் தானியங்கி அடையாளக் கருவி வானொலி அலைகள் மூலம் அனுப்புகிறது. அனைத்துலகப் பயணம் மேற்கொள்ளும் கப்பல்களில், மிகச் சிறியவற்றைத் தவிர மற்றவை இக்கருவியைப் பொருத்த வேண்டும். ஓடும் கப்பல் தன் இருப்பிடத்தை 2 முதல் 10 வினாடிகளுக்கு ஒருமுறை அறிவிக்கும். நங்கூரமிட்ட கப்பல் 3 நிமிடங்களுக்கு ஒருமுறை அறிவிக்கும். கரையோர நிலையங்களும் அருகிலுள்ள கப்பல்களும் இத்தகவலைப் பெறுகின்றன. நடுக்கடலில் துணைக்கோளங்கள் அதனைப் பெறுகின்றன.

எனினும், திரையில் தெரிவன அனைத்தும் ஒரே தன்மையுடையவை அல்ல. இருப்பிடமும் வேகமும் கருவிகளிலிருந்து தாமாகவே பதிவாகின்றன. மிதவை ஆழத்தையும் சேருமிடத்தையும் மாலுமியே பதிவு செய்ய வேண்டும். சரக்கை இறக்கிய பிறகு அவர் அதனை மாற்ற மறந்தால், வெறுங்கப்பலும் பாரம் ஏற்றிய கப்பலாகவே திரையில் தோன்றும். இக்கருவி இல்லாத சிறு படகுகளோ திரையில் தோன்றுவதே இல்லை.

கப்பல்கள் நெருங்கிச் செல்லும் சிங்கப்பூர் நீரிணை போன்ற குறுகிய கடற்பாதைகளில் இத்தகைய சிறு குறையும் விபத்துக்கு வழிவகுக்கலாம். அதனால்தான், கண்ணாலும் காதாலும் எந்நேரமும் கடலைக் கண்காணிக்க வேண்டும் என்று அனைத்துலகக் கடல் விதி இன்றும் வலியுறுத்துகிறது.