பல் பிரஷ்ஷுக்கு ஒரு சைக்கிள் பிடி!

சிதம்பரத்திலிருந்து மாதம் ஒருமுறை பஸ் பிடித்துக் கடலூருக்கு என்னிடம் வருவார் அந்த ஆசிரியை. பணி ஓய்வு பெற்றவர். விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் கையை மடக்கவே ஒரு மணி நேரம் ஆகும். சித்த மருத்துவத்தில் இதற்கு உதிரவாத சுரோணிதம் என்று பெயர். 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்கிறார்களே, ஏறக்குறைய அதுதான்.

மருந்து கொடுத்தேன். பத்தியம் சொன்னேன். "பரவாயில்ல டாக்டர்" என்பார். ஒருநாள் கூட வந்த மகள் குறுக்கிட்டாள்.

"அம்மா மறைக்கிறாங்க சார். மூணு மாசமா விரலாலதான் பல்லு விளக்குறாங்க. தலைய நான்தான் வாரி விடறேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற!"

ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டார். "பிரஷ்ஷு கையில நிக்க மாட்டேங்குது டாக்டர். எத்தனையோ பிள்ளைங்களுக்குக் கையைப் பிடிச்சு எழுதக் கத்துக்குடுத்தவ நான். வெக்கமா இருந்துச்சு."

எனக்குச் சுரீரென்றது. நாடி பார்த்தேன், நா பார்த்தேன். ஈறு வீங்கியிருந்ததும் கண்ணில் பட்டது. ஆனால், 'பல் எப்படிம்மா துலக்குறீங்க?' என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லையே!

மெல்லிய பிடி... பெரிய வலி!

மெல்லிய பிடியைப் பிடிக்க விரல்கள் நன்றாக மடங்க வேண்டும். நழுவாமலிருக்க இறுக்கவும் வேண்டும். வீங்கிய மூட்டுக்கு இரண்டுமே வேதனை. பிடி தடிமனாக இருந்தால் விரல் பாதி மடங்கினாலே போதும். பாரமும் விரல் நுனியில் மட்டும் விழாமல் உள்ளங்கை முழுக்கப் பரவும். அவ்வளவுதான் சூட்சுமம்!

1990-ல் அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர் இதை வைத்தே புதுப்பாணி சமையல் கருவிகளைக் கொண்டுவந்தார். மூட்டுவாதம் இருந்த அவர் மனைவிக்குக் காய்கறித் தோல் சீவும் கருவியைப் பிடிக்க முடியவில்லை. ரப்பர் போன்ற தடித்த பிடி போட்டார். நோயில்லாதவர்களும் விரும்பி வாங்கினார்கள்.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கொல்லிமலையில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். உணர்ச்சி இழந்த கை தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறது, அதனால்தான் புண்ணாகிறது என்று கண்டு சொன்னார். சர்க்கரை நோயில் கை மரத்துப் போனவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். அவர்களுக்குக் கூரான விளிம்புள்ள பிடி ஆகாது.

நீங்களே செய்யலாம்!

பல் பிரஷ்: சைக்கிள் கடையில் ஹேண்டில் பார் ரப்பர் பிடி ஒன்று வாங்குங்கள். பிரஷ்ஷின் காம்பில் துணியை இறுக்கமாகச் சுற்றி உள்ளே செருகுங்கள். ஏறக்குறைய 3 செ.மீ. தடிமனுள்ள பிடி தயார். துணியை அடிக்கடி மாற்றிக் காயவையுங்கள். பிரஷ் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

விரல் மடங்கவே மடங்காதவர்களுக்கு: அகலமான எலாஸ்டிக் பட்டையை உள்ளங்கையைச் சுற்றி வருமாறு தைத்து, அதில் பிரஷ்ஷைச் செருகுங்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கும் இது உதவும்.

சீப்பு: தோள் தூக்க முடியாத கும்பவாதக்காரர்களுக்குத் தடிமனைவிட நீளம்தான் முக்கியம். லேசான குச்சியைச் சேர்த்துக் கட்டி நீளமாக்குங்கள். கனம் கூடாது.

முதுகு தேய்க்க: பீர்க்கங்கூட்டை நீளமான கைப்பிடியில் கட்டினால் போதும்.

நகவெட்டி: சிறு பலகையில் அசையாமல் பொருத்திவிட்டால் உள்ளங்கையால் அழுத்தியே வெட்டலாம். சர்க்கரை நோயில் கால் மரத்தவர்கள் மட்டும் தாங்களே வெட்ட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பிடியை மாற்றினால் நோய் மாறாது. மருந்தை நிறுத்தாதீர்கள். திடீரென ஒரு பக்கக் கை பலமிழந்தாலோ, வாய் கோணினாலோ கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆசிரியையை ஈறு வீக்கத்துக்காக அண்ணாமலை நகர் பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன். கூடவே சைக்கிள் கடைக்கும்! அடுத்த மாதம் வந்தவர் கோணல் வகிடோடு, பூ வைத்துக்கொண்டு வந்தார். "வகிடு கோணலாத்தான் இருக்கு டாக்டர். ஆனா நானே எடுத்தது!" என்றார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். நாளைக் காலை நீங்களே பக்கத்தில் போய்க் கேளுங்கள். "பிரஷ் பிடிக்க முடியுதா?"